பவானியில் வாங்கிய ஜமக்காளம்

போன தை மாதம் என் கல்லூரித் தோழி, தஞ்சாவூர்க்காரி, குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்திருந்தாள். நாலு நாள் தங்கல். வந்த அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதே கேட்டுவிட்டாள்: "ஏண்டி, உங்க ஊர்லேருந்து என்ன வாங்கிட்டுப் போறது? எங்க ஊருக்கு வந்தா தலையாட்டி பொம்மை இருக்கு, தட்டு இருக்கு, கையில காசு இருந்தா ஒரு படம் வாங்கலாம். உங்க ஊர்ல என்ன இருக்கு?" நான் வாயைத் திறந்தேன். வந்த சொல் "கிரைண்டர்."

அவள் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். ஆனால் நான் கேலிக்குச் சொல்லவில்லை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. எங்கள் சின்ன வயதில் வெளியூர் ஒறம்பரை வந்தால் திரும்பும்போது அவர்களோடு ஒரு கிரைண்டரும் ரயில் ஏறும். கல் தனி, டிரம் தனி என்று சாக்கில் கட்டி, இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்து வளர்ந்து நாற்பத்தாறு வருடமாக இருக்கிற சீமையில், வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்ப என்ன இருக்கிறது என்று யோசிக்க யோசிக்க வந்ததெல்லாம் ஈரோட்டு மஞ்சள், ஊத்துக்குளி வெண்ணெய், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, குமாரபாளையத்து லுங்கி, திருப்பூர் பனியன், சென்னிமலைப் போர்வை. எல்லாமே தின்று தீர்கிற, உடுத்திக் கிழிகிற சாமான்கள். ஷோகேஸில் வைத்துத் துடைப்பதற்கென்று நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் முடிவெடுத்தேன். பவானி ஜமக்காளம். பேரிலேயே ஊர் இருக்கிறது, மடித்தால் பைக்குள் போகும், உடையாது. கூடவே கூடுதுறையில் ஒரு முழுக்கு, சங்கமேஸ்வரருக்கு ஒரு கும்பிடு. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கோயிலை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. குழந்தைகள் பசி என்கிறார்கள். ரோட்டோரத்தில், வாசலில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்த ஒரு கடையில் நிறுத்தினோம். பலகையில் கொட்டை எழுத்தில் ஒரிஜினல் என்று இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக, கண்ணைப் பறிக்கிற நிறம். எழுநூறு என்றார், ஐந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். ஆளுக்கு ஒன்று வாங்கினோம். பேரம் பேசி ஜெயித்த பெருமையில் நான் அவளுக்கு வண்டியில் ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தேன். கைத்தறி, குழித்தறி, தலைமுறை தலைமுறையாக என்று என்னென்னவோ. அவள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்தாள்.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும், வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அவள் மாமனாருடைய வெள்ளை வேட்டி. அதன் மேல் அழகான சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும். கீழே ஒரு வரி: "உங்க ஊர்ப் பெருமை எங்க மாமனார் வேட்டியில ஒட்டிக்கிச்சு."

அட்டாலியில் இருந்தது

அவளுடையது மட்டும் அப்படியோ என்று என்னுடையதை எடுத்து ஒரு மூலையை நனைத்துப் பார்த்தேன். விரல் சிவந்தது. அப்புறம் இரண்டு வாரம் கழித்துப் பெருந்துறைப் பக்கம் எங்கள் அப்பா ஊருக்குப் போனபோது அட்டாலியில் ஏறி அப்பாருடைய, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவுடைய, ஜமக்காளத்தை இறக்கினேன். வேப்பிலைச் சருகு உதிர்ந்தது. இறக்கினேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், உண்மையில் அது என் மேல் விழுந்தது. அவ்வளவு கனம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும், எழவுக்கும் பஞ்சாயத்துக்கும் விரித்துச் சுருட்டியே அரை நூற்றாண்டு கழிந்த ஜமக்காளம். ஒரு ஓரத்தில் அப்பாருடைய பேரின் முதலெழுத்துகளும் 1974 என்ற வருடமும் நெய்திருக்கும். பந்தலில் நாலு வீட்டு ஜமக்காளங்கள் சேர்ந்து கிடக்கும் இல்லையா, மாறிப் போகாமல் இருக்கத்தான் அந்த எழுத்து. சின்னப் பிள்ளையில் அதைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, இடம் வலம் மாறித் தெரிகிற எழுத்தைப் படிப்பது எனக்கும் என் தம்பிக்கும் ஒரு விளையாட்டு.

இரண்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அப்பாருடையதில் நிறம் வெளுத்திருந்தது, ஆனால் பட்டைகளின் கோடு ஒன்றோடொன்று கலக்கவில்லை. விரலால் பிரித்துப் பார்த்தாலும் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் கண்ணுக்கே தெரியவில்லை. குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அப்படி நெருக்கி அடித்து அதை மூடியிருந்தது. ஐந்நூற்றைம்பதில் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. ஓரம் தைத்திருந்தது. நெய்த ஜமக்காளத்துக்குத் தையல் ஓரம் எதற்கு என்று வாங்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

என்னை உறுத்தியது ஐந்நூற்றைம்பது ரூபாய் இல்லை. அதைவிடப் பெரிய தொகைக்கெல்லாம் ஏமாந்திருக்கிறேன், கணக்குச் சொன்னால் வீட்டில் கலவரமாகும். நான் இந்தச் சீமைக்காரி. வெளியூர்க்காரியை நானே கூட்டிக்கொண்டு போய், நானே தேர்ந்தெடுத்து, நானே பிரசங்கமும் வைத்து வாங்கிக் கொடுத்தது அது. அவள் ஏமாந்தாள் என்றால் அது சுற்றுலாப் பயணி ஏமாந்தது. நான் ஏமாந்ததற்கு என்ன பேர்? யோசித்துப் பார்த்தால் காரணம் சாதாரணமானது. நான் என் வாழ்நாளில் அதற்கு முன் ஒரு ஜமக்காளம்கூட வாங்கியதில்லை. வீட்டில் எப்போதும் இருந்தது, வாங்க வேண்டிய தேவை வரவில்லை. அப்புறம் நாற்காலி வந்தது, மண்டபம் வந்தது, தேவையே போய்விட்டது. எங்கள் ஊர்ச் சாமானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பேர்தான்.

கேட்டதைத்தானே கொடுத்தார்

பங்குனியில் ஈரோட்டில் ஒரு கல்யாணம். போகிற போக்கில் அந்த ஜமக்காளத்தைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பவானிக்குப் போனேன். ஈரோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தானே. கடைக்காரரிடம் சண்டை போடுகிற உத்தேசம். பேருந்தில் உட்கார்ந்து வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவர் நான் விரித்துக் காட்டியதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ சொல்லட்டுங்களா அக்கா என்றார். அதிலேயே பாதி வசனம் போய்விட்டது.

"இது பவானி ஜமக்காளம் இல்லீங்களே."

"பவானியில வாங்குன ஜமக்காளந்தானுங்கக்கா."

நான் முழிப்பதைப் பார்த்து அவரே தொடர்ந்தார். இது மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர்ச் சரக்கு, மிஷின் தறி என்று மறைக்காமல் சொன்னார். கைத்தறியில் நெய்ததும் கடையில் இருக்கிறதாம். உள்ளே பீரோவில். எடுத்துக் காட்டினார். விலை மூன்று மடங்குக்கு மேல். "வாசல்ல இதைத் தொங்கவிட்டா, வெலையக் கேட்டுப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்களே அன்னைக்கு எழுநூறு அதிகம்னீங்க. கைத்தறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா உள்ளருந்து எடுத்திருப்பனுங்க." கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை. நான் கேட்கவில்லை என்பது உண்மை. பலகையில் எழுதியிருந்த ஒரிஜினலுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அது ராத்திரி ஒன்பது மணிக்கு, வீட்டில் படுத்திருக்கும்போது தோன்றியது. நல்ல கேள்வியெல்லாம் எனக்கு அந்த நேரத்தில்தான் தோன்றும்.

சட்டப்படி பார்த்தால் அவர் சொன்ன நியாயம் நிற்காது. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி இவற்றோடு ஜமக்காளமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு மேல் 2005-06ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. காகிதத்தில் இவ்வளவு காவல் இருந்தும் வாசலில் தொங்குவது சோலாப்பூர்தான். பார்த்தவுடனே கண்டுபிடிக்கிற கண் வாங்குகிறவனுக்கு இல்லாதபோது குறியீடு யாருக்குக் காவல்?

ஒரு வேடிக்கை. ஜமக்காளமே ஒரு தோல்வியில் பிறந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரன் மில் துணி வந்து இறங்கி, கையால் நெய்த துணி விலை போகாமல் போனபோது, பவானியில் ஜங்கமர் என்ற நெசவாளர்கள் தடித்த நூலில் சாயம் ஏற்றி ஜமக்காளம் நெய்ய ஆரம்பித்தார்கள் என்கிறது வரலாறு. அது பிடித்துக்கொண்டு, சேலை நெய்வதே குறைந்துபோனது. மில்லுக்குத் தப்பிக்கக் கண்டுபிடித்ததை மறுபடி மில் வந்து பிடித்திருக்கிறது. இந்த முறை அதன் பேரையும் சேர்த்துக்கொண்டு.

பிளாஸ்டிக் பாய்

கடைக்காரரே ஒரு பையனைக் கூட அனுப்பி ஒரு தறிக்காரர் வீட்டைக் காட்டச் சொன்னார். இதை ஏன் செய்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மனசு கேட்காமல் இருந்திருக்கலாம், அல்லது நான் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருந்திருக்கலாம்.

சந்துக்குள் ஓட்டு வீடு. முன் அறை முழுக்கத் தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, தரை மட்டத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். காலடியில் மிதி, எதிரே விரித்துக் கட்டிய பாவு, மடிக்கு முன்னால் நெய்தது சுற்றிய படமரம். ஊடை நூல் சுற்றிய நாடாவை வலது கையால் உள்ளே தள்ளி இடது கையால் வாங்கி, பலகையை இழுத்து ஒரு அடி. ஒன்று போதாது, இரண்டு, மூன்று. தரை அதிர்கிறது, எனக்கு உள்ளங்காலில் தெரிந்தது. அகலமான ஜமக்காளம் என்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், ஒருவர் தள்ளுவதை மற்றவர் வாங்குவார். முன்னெல்லாம் அவரும் அவர் சம்சாரமும் உட்காருவார்களாம். அந்தம்மாவுக்கு இப்போது முட்டி வலி, குழிக்குள் இறங்க முடிவதில்லை. ஓரமாக உட்கார்ந்து, நாடாவுக்குள் போடுகிற ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து என் ஜமக்காளத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கையில் வாங்கி இரண்டு தரம் ஏந்தி ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கூத்தாடியாட்டம் இருக்குதுங்க அம்மிணி. மேலுக்கு நெறம், உள்ளுக்கு ஒன்னுமில்லை."

கனத்தை வைத்தே தெரிந்துவிடுமா என்று கேட்டேன். ஊடையை நெருக்கி அடித்தால்தான் நூல் உள்ளே ஏறும், நூல் ஏறினால்தான் கனம், மிஷின் அந்த அடி அடிக்காது என்றார். "தண்ணிக்கு மண்ணுக்கு ஆவோணுமில்லீங்க? வேலிக்கால் ஓரம் போட்டு நாலு பேரு ஒக்காந்து எந்திரிச்சா இது சுருண்டு போயிரும்."

இந்த இடத்தில்தான் அது நடந்தது. நடந்தது என்று சொல்லும்படி ஒன்றும் இல்லைதான். அந்தம்மா எழுந்து உள்ளே போய், "நின்னுட்டே இருக்கறீங்களே கண்ணு, ஒக்காருங்க" என்று ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். பச்சையும் ரோஸும் கலந்த பிளாஸ்டிக் பாய். ஒரு முனை பிய்ந்து, நூலால் கட்டியிருந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்தேன். முன்னால் இரண்டு முழம் தள்ளி ஜமக்காளம் நெய்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவளை உட்காரவைக்க அந்த வீட்டில் ஜமக்காளம் இல்லை.

கேட்கலாமா கூடாதா என்று தவித்துவிட்டுக் கேட்டேவிட்டேன். அந்தம்மா தாரைச் சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னார். நூல் அவர்களுடையது இல்லை. சாயம் போட்ட நூலை முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. வீட்டுக்கென்று ஒன்று வேண்டுமானால் கடை விலைக்கு நாமும் வாங்க வேண்டியதுதான். "அதுக்கு இது பரவாயில்லீங்க, நூத்தம்பது ரூவா. தொடைச்சுப் போட்டுக்கலாம்." கூலி எவ்வளவு என்றும் கேட்டேன். பெரியவர் சொன்னார். நாள் முழுக்க அடித்துக் கிடைக்கிற அந்தக் காசில் கோயம்புத்தூரில் இரண்டு பேர் மதியச் சாப்பாடு சாப்பிடலாம், ஓட்டலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்.

நானும் விடாமல், அப்படியானால் தறியில் இருக்கிறதை முடித்ததும் எனக்கே கொடுங்கள், கடை விலையே தருகிறேன், நடுவில் யாரும் வேண்டாமே என்றேன். தாராள மனசோடுதான் சொன்னேன். ஊர் சுற்றுகிறவர்கள் எழுதுகிற குறிப்புகளிலெல்லாம் இதுதானே முதல் உபதேசம், நெசவாளரிடமே நேராக வாங்குங்கள் என்பது. பெரியவர் சிரித்துவிட்டார். "நூலு அவருது, துணியும் அவருது. நான் எப்படிங்க உங்களுக்குக் குடுக்கறது?" ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறவரிடம் போய் மூட்டையோடு மஞ்சளைக் கேட்டதுபோல் ஆகிவிட்டது என் கேள்வி. அந்தத் தெருவில் நாலைந்து தறி இருந்தது. ஒன்றிலாவது நெய்கிறவருக்கே சொந்தமான நூல் ஓடியிருக்கலாம். ஆனால் நான் உட்கார்ந்திருந்த வீட்டில் இல்லை.

எங்கே வாங்குவது என்று அவரையே கேட்டேன். சங்கத்துக் கடைக்குப் போங்க என்றார். கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிற உறுப்பினருக்கு வருகிற கூலி ஒரு கணக்கில் வருகிறது, பண்டிகைக்குப் போனஸ் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். போனேன். மதியம் இரண்டு மணி. உள்ளே ஒரே ஒருவர், மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதற்குக் கோபப்படவில்லை. விளக்கைப் போட்டார், அலமாரியைத் திறந்தார், "நீங்களே எடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். வற்புறுத்தி விற்க ஆளில்லாத கடையில் சாமானைப் பார்ப்பது ஒரு சுகம். தூக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓரத்தை விரலால் தடவினேன். பெரியவரிடம் கற்றதையெல்லாம் அங்கே பரீட்சை எழுதினேன். பேரம் கிடையாது, பில் உண்டு, கைத்தறி முத்திரை உண்டு, பை மட்டும் கிடையாது. நூலால் கட்டிக் கையில் கொடுத்தார்.

பேர் மாறியவை

தோழி வந்திருந்த அந்த நாலு நாளில் கடைசி நாள் திருப்பூரில் ரயில் ஏறினார்கள். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்ததால் பக்கத்திலேயே காதர்பேட்டையில் இறங்கிப் பனியன் வாங்கினாள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது, சின்னக் குறை என்று ஒதுக்கியது எல்லாம் அங்கே குவியலாகக் கிடக்கும். கழுத்தில் இருக்கிற லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள், அல்லது பேனாவால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடையின் பேர் அரைகுறையாகத் தெரியும். அவள் ஆறு எடுத்தாள். சந்தோஷமாக எடுத்தாள். ஆனால் ஒன்றைக்கூட "ஊர் நினைவாக" வாங்கியதாக அவள் நினைக்கவில்லை. அது ஜமக்காளத்துக்கு ஒதுக்கிய இடம்.

பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இது சட்டென்று நினைவு வந்தது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகிற பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. நூல் வாங்கி, பின்னி, சாயம் போட்டு, வெட்டி, தைத்து, பிசிர் வெட்டி, அயர்ன் போட்டு, பெட்டியில் அடுக்குகிற வரை எல்லாம் அந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் விட்டு வெளியே போகாது. எங்கள் சொந்தத்திலேயே ஒரு குடும்பம் விடாமல் யாராவது ஒருவர் அந்த வரிசையில் எங்கோ நிற்கிறார். முழுக்க முழுக்க இந்த ஊரில் செய்தது, கழுத்தில் மட்டும் வேறு ஊர்ப் பேர். அந்த ஐந்நூற்றைம்பது ரூபாய் ஜமக்காளமோ வேறு ஊரில் செய்தது, மேலே எங்கள் ஊர்ப் பேர். என் தோழி இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

காதர்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. எக்ஸ்எல் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், அது எந்த நாட்டுக்காரனுடைய எக்ஸ்எல் என்று தெரியாது. உள்பக்கம் திருப்பித் தோள் தையலைப் பாருங்கள். இரண்டு கையும் ஒரே நீளமா என்று பிடித்துப் பாருங்கள். என் தம்பி வருடக்கணக்காக ஒரு கை நீளமான சட்டையோடு திரிந்தான்.

இந்த விவகாரத்துக்குப் பிறகு எனக்கு ஒரு புத்தி வந்திருக்கிறது, வியாதி என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எங்கே போனாலும், எங்கே செய்தது என்று கேட்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து பல்லடம் போகிற வழியில் நெகமத்தில் பருத்திச் சேலை எடுக்கப் போனால், எந்தத் தறி, யார் நெய்தது என்று கேட்டுக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுகிறேன். நெகமம் சேலை எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. கொஞ்சம் மொத்தமாக, கஞ்சி விறைப்போடு நிற்கும், பத்துத் துவைப்புக்கு அப்புறம்தான் நம் உடம்புக்குப் பழகும். எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், அதைக் கட்டிக்கொண்டு களை எடுக்கவும் போனார், கோயிலுக்கும் போனார். சிறுமுகையின் மென்பட்டு அழகுதான், இப்போது இன்ஸ்டாகிராமில் அதற்குத்தான் மவுசு. எனக்கு ஏனோ கையில் நிற்காமல் வழுக்குகிறது. சென்னிமலைக்கு 1,320 படி ஏறி இறங்கிய பிறகு அடிவாரத்தில் போர்வை வாங்கப் போகிறவர்கள், கால் வலியில் முதல் கடையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். நான் பவானியில் செய்த தப்பு அதுதான். பசியோடும் குழந்தையோடும் போய்க் கைவினைப் பொருள் வாங்கக் கூடாது. கோஆப்டெக்ஸ் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், 1935-லிருந்து இருக்கிறது, எல்லா ஊரிலும் கடை உண்டு, கேட்டால் எந்தச் சங்கத்துச் சரக்கு என்று சொல்லுவார்கள். ஆனால் ஊருக்குப் போயும் கடைத்தெருவிலேயே வாங்குவதா என்கிற அந்த ஆசை இருக்கிறதே, அதை என்ன செய்வது.

ஷோகேஸில் வைக்க எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதிலும் தப்பு. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். அங்கே மாடு வாங்க வருகிறவர்களுக்காக ஒரு வரிசைக் கடை இருக்கும். கழுத்து மணி, சலங்கை, நெற்றிக்கயிறு, மூக்கணாங்கயிறு, சாட்டை. என் பெண் அங்கிருந்து வாங்கி வந்த ஒற்றை மணியை வாசல் கதவில் கட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினது என்று கேட்கிறார்கள். காளைக்குச் செய்தது என்று சொன்னால் கொஞ்சம் முகம் மாறுகிறது, ஆனால் மறுபடி ஒரு தரம் ஆட்டிப் பார்க்காமல் உள்ளே வருவதில்லை.

கேட்டு விட்டது

சங்கத்துக் கடையில் வாங்கியது இரண்டு. ஒன்றைத் தஞ்சாவூர்க்காரிக்குக் கூரியரில் அனுப்பினேன். கனம் பார்த்துப் பணம் வாங்குகிற கூரியர்க்காரர், உள்ளே என்ன கல்லா என்று கேட்டார். கிட்டத்தட்ட, என்றேன். அவள் மாமனார் இப்போது அதை யாருக்கும் தராமல் ஊஞ்சலில் போட்டு வைத்திருக்கிறாராம். வெள்ளை வேட்டியோடுதான் உட்காருகிறார். பழைய ஐந்நூற்றைம்பதையும் நான் தூக்கிப் போடவில்லை. மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது அடியில் விரிக்கிறேன். சாயம் எல்லாம் போய், இப்போது ஒரு மாதிரி அமைதியான நிறத்துக்கு வந்திருக்கிறது.

அன்றைக்குச் சங்கத்துக் கடைக்குப் போகும் முன், அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். வாசல் வரை வந்த அந்தம்மா, "கோயமுத்தூர்ங்களா நீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அங்க நல்ல பிளாஸ்டிக் பாய் கெடைக்கும்னாங்க. இங்க வாங்கறது ஆறு மாசத்துல பிஞ்சு போயிருது. மறுக்கா இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஒன்னு வாங்கிட்டு வாங்க கண்ணு, காசு குடுத்தர்றேன்" என்றார்.

போன வாரம் டவுன்ஹால் பக்கம் போனேன். கடையில் பாய்களைச் சுருட்டிக் குடை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், ஓரத்தைத் தடவினேன். கடைப்பையன் பொறுமையாக நின்றான். கடைசியில் ஒரு நீலப் பாயை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன், "தம்பி, இது எங்க செஞ்சது?"

அவன் பாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏனுங்கக்கா, பாய்தானுங்களே?" என்றான்.